துருப்பிடிக்காது என்று சொன்னார்கள்

என் மேசையில் ஓர் அலுமினியத் துண்டு கிடக்கிறது. உள்ளங்கை அகலம் இருக்கும். சுவரில் பலகை அடிக்க வைக்கிற மூலைத்தாங்கியைப் போல மடங்கியது. ஒரு முனையில் கால் அங்குல கனம். மறு முனை பொரித்த அப்பளம். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊசித் துளைகள் வழியே ஜன்னல் தெரிகிறது. எங்கள் படகு டிரெய்லரிலிருந்து கழற்றியது. கழற்றி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, குப்பையில் போட மனம் வரவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் ஏதோ கடலடியிலிருந்து கிடைத்த பொருள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது கடலில் இருந்த நேரமெல்லாம் சேர்த்தால் இரண்டு முழு நாள்கூட வராது. அதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது.

ஹூஸ்டனுக்குத் தெற்கே, கால்வெஸ்டன் வளைகுடாவிலிருந்து இருபது நிமிடத் தொலைவில் இருக்கிறோம். சனிக்கிழமை விடிவதற்கு முன் படகை இழுத்துக்கொண்டு டெக்சஸ் சிட்டி டைக் பக்கம் போவது வழக்கம். வளைகுடாவுக்குள் எட்டு கிலோமீட்டர் நீளத்துக்குக் கை நீட்டினாற்போல் கிடக்கிற கல்லணை அது. சரிவில் டிரெய்லரைப் பின்னுக்குத் தள்ளி, சக்கரம் முழுகும் வரை தண்ணீரில் இறக்கினால் படகு தானாக மிதந்துவிடும். ஐந்து நிமிட வேலை. மத்தியானம் படகை ஏற்ற இன்னொரு ஐந்து நிமிடம். ஒரு நாளில் டிரெய்லர் உப்புத் தண்ணீரைத் தொடுவது அவ்வளவுதான். மீதி ஆறு நாளும் இருபத்து மூன்று மணி சொச்சமும் அது எங்கள் வீட்டு வாசலில், வேப்பமரம் இல்லாத குறையாக, ஓர் ஓக் மரத்தடியில் சும்மா நிற்கிறது. சும்மா நிற்பதாகத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் தூத்துக்குடிக்காரன். உப்புக் காற்று என்ன செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. எங்கள் வீட்டு ஜன்னல் கம்பிகளை அப்பா ஒவ்வொரு பொங்கலுக்கும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பெயின்ட் அடிப்பார். அடுத்த பொங்கலுக்குள் பெயின்டுக்கு அடியில் துரு கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியிருக்கும். சைக்கிள் ரிம்மில் விரலை வைத்தால் செம்மண் ஒட்டும். கேட்டின் கீல் ஒரு நாள் அதிகாலையில், யாரும் தொடாமலே, தானாக இற்று விழுந்தது. அதனால் ஆறு வருடங்களுக்கு முன் டிரெய்லர் வாங்கப் போனபோது, இரும்பா அலுமினியமா என்ற கேள்விக்கு விற்பனையாளர் சொன்ன ஒரு வாக்கியம் எனக்குப் போதுமானதாக இருந்தது: "அலுமினியம் துருப்பிடிக்காது." கூடுதல் விலையை மறுபேச்சில்லாமல் கொடுத்தேன். அவர் பொய் சொல்லவில்லை. துரு என்பது இரும்பின் நோய். அலுமினியத்துக்கு அது வராது. மாரடைப்பு வராத ஆளுக்கு வேறு நோயே வராது என்று நான்தான் எடுத்துக்கொண்டேன்.

நான் செய்த பணிவிடைகள்

வாங்கியதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ஆசைப்பட்டு வாங்கிய பொருளைச் சும்மா விட என்னால் முடியாது. முதல் வருடமே அதற்குப் பணிவிடை தொடங்கிவிட்டேன். கம்பெனி போட்டிருந்த போல்ட்டுகள் துத்தநாகம் பூசிய இரும்பு. மங்கிச் சாம்பல் பூத்து, பார்க்க ஏழ்மையாக இருந்தன. ஒரு விடுமுறை வாரம் முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் கழற்றி எவர்சில்வர் போல்ட்டுகளாக மாற்றினேன். டிரெய்லர் மாப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. படகு உட்காரும் தாங்கு பலகைகளில் ஒன்று உளுத்திருந்ததால் இரண்டையுமே எடுத்துவிட்டு, மழைக்கும் கரையானுக்கும் தாங்கும் என்று மருந்தேற்றிய புதுப் பலகை வாங்கி, சுற்றிலும் தடித்த கம்பளம் வைத்துத் தைத்தேன். சட்டத்தில் ஒரு துத்தநாகக் கட்டியை முடுக்கினேன். படகு எஞ்சினில் இருக்கிறதே, டிரெய்லரிலும் இருக்கட்டும் என்று. கடைசியாக, வெயிலும் பறவை எச்சமும் படாமல் இருக்க, தரையைத் தொடும் நீளத்துக்குத் தார்ப்பாயால் மூடினேன். ஒவ்வொரு முறை கடலுக்குப் போய்வந்ததும் ஹோஸ் பிடித்துப் பத்து நிமிடம் கழுவினேன். அக்கம்பக்கத்தில் என்னைவிடச் சுத்தமாக டிரெய்லர் வைத்திருந்தவர் யாரும் இல்லை.

இப்போது திரும்பிப் பார்த்தால், மேலே சொன்னவற்றில் கழுவியது ஒன்றுதான் பாதியளவு சரி. மற்றவற்றில் ஒன்று வீண். மீதி எல்லாம் கெடுதல்.

அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த நாள்

போன வருடம் மார்ச்சில் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தாள். குளிர் விலகி வெயில் ஏறாத அந்த மூன்று வாரம்தான் இங்கே வெளியே உட்கார முடிகிற காலம். கராஜ் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவள் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் தாங்கு பலகையின் கம்பளத்தை மாற்றலாம் என்று படகை ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு டிரெய்லருக்கு அடியில் படுத்திருந்தேன். பலகையைப் பிடித்திருக்கும் முதல் போல்ட்டின் நட் அசையவில்லை. எண்ணெய் விட்டுப் பார்த்தேன், சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். நீளமான பைப்பைச் சாவியில் மாட்டி முழு பலத்தோடு இழுத்தபோது "டக்" என்று சத்தம் வந்தது. கழன்றுவிட்டது என்ற சந்தோஷம் ஒரு நொடிதான். போல்ட் முறுக்கிக்கொண்டு பாதியில் முறிந்திருந்தது. எவர்சில்வரோடு எவர்சில்வர் உரசினால் மரைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பற்றவைத்தாற்போல ஆகிவிடும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மீதியை ரம்பத்தால் அறுத்தேன். பலகையைத் தூக்கினேன். கம்பளத்தின் அடிப்பக்கம் சொதசொதவென்று இருந்தது. கடைசியாகக் கடலுக்குப் போய்ப் பதினொரு நாள் ஆகியிருந்தது. பலகை உட்கார்ந்திருந்த மூலைத்தாங்கியின் மேல், வெற்றிலைப் பெட்டியில் காய்ந்துபோன சுண்ணாம்பு மாதிரி, வெள்ளையாக ஒரு படிவு. ஸ்குரூ டிரைவரால் சுரண்டினேன். சுரண்டச் சுரண்ட மாவாக உதிர்ந்தது. கொஞ்சம் அழுத்தினேன், முனை உள்ளே போய் மறுபக்கம் வெளியே வந்தது.

அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்து, அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பார்த்தாள்.

"ஏன் ஐயா, இது புளிக்குழம்பு ஊற்றிவைத்த அலுமினியச் சட்டி மாதிரி அல்லவா பூத்திருக்கிறது?"

நான் பதில் சொல்லவில்லை. அவளே தொடர்ந்தாள்: "அலுமினியத்தில் உப்பும் புளியும் ராத்திரி தங்கக் கூடாது. காய்ச்சலாம், ஊற்றலாம். தங்கினால் காலையில் ஓட்டை. உன் ஆச்சி எத்தனை சட்டியைத் தூக்கிப் போட்டிருக்கிறாள்!"

தங்கக் கூடாது. இந்த ஒரு வார்த்தைக்கு நான் ஐந்து வருடம் டிரெய்லர் வைத்திருக்கவேண்டியிருந்தது. நம் மொழியில் இரும்புக்குத் துரு இருக்கிறது, செம்புக்கும் பித்தளைக்கும் களிம்பு இருக்கிறது, அலுமினியத்துக்கு வருவதற்கு மட்டும் தனிப் பெயர் இல்லை. பெயர் இல்லாததால் படித்தவன் அதை நோயாகவே எண்ணவில்லை. சமையலறையில் மட்டும் "பூத்துவிட்டது" என்று போகிறபோக்கில் ஒரு சொல் இருந்திருக்கிறது. அது என் காதில் விழுந்து வளர்ந்ததுதான்.

இதில் எனக்கு அதிக வெட்கம் தந்த விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் வேலை செய்வது ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையில். அங்கே சூடான குழாய்களுக்கு மேல் கம்பளி மாதிரி வெப்பக் காப்பு சுற்றி, அதற்கு மேல் தகடு போர்த்தியிருப்பார்கள். போர்வையின் ஏதோ ஓர் இடுக்கு வழியே மழைத் தண்ணீர் உள்ளே போய்த் தங்கி, வெளியே பளபளவென்று இருக்க, உள்ளே குழாய் அரித்துப் போகும். எங்கள் தொழிலில் இந்த அரிப்புக்குத் தனிப் பெயரே உண்டு, தனிப் பட்ஜெட் உண்டு, மாதம் ஒரு கூட்டம் உண்டு. அந்தக் கூட்டங்களில் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்து, "மூடியிருக்கிற இடத்தைத்தான் முதலில் சந்தேகப்படவேண்டும்" என்று நானே பேசியிருக்கிறேன். பேசிவிட்டு வீட்டுக்கு வந்து, பலகையைச் சுற்றிக் கம்பளம் தைத்திருக்கிறேன்.

உப்பு வீட்டுக்கு வந்த பிறகு

அலுமினியத்தை வெறுமனே காற்றில் வைத்தால் அதன் மேல் உடனே ஓர் ஆக்சைடு தோல் படிகிறது. கனம் சில நானோமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காகப் போட்டால் அதில் சில பங்கு. கீறினால் மறுபடி அதே நொடியில் வளரும். இரும்பின் துரு உதிர்ந்து உதிர்ந்து அடுத்த அடுக்கைக் காட்டிக்கொடுக்கும். இந்தத் தோல் ஒட்டிக்கொண்டு உள்ளிருப்பதைக் காக்கும். விற்பனையாளர் சொன்னதன் நியாயம் இதுதான். ஆனால் கடலுப்பில் இருக்கிற குளோரைடு இந்தத் தோலில் எங்காவது ஒரு புள்ளியில் துளை போடும். காற்றோட்டம் இருந்தால் தோல் திரும்ப ஆறிவிட வாய்ப்புண்டு. பலகைக்கும் தாங்கிக்கும் நடுவே, வாஷருக்கு அடியில், ஈரக் கம்பளத்துக்குள் ஆக்சிஜன் போய்ச் சேர வழியில்லை. ஆறாத புண் குழியாக இறங்கும். குழிக்குள் தேங்கிய நீர் நாளாக ஆக அமிலமாகவும் மாறுகிறது, அமிலம் குழியை இன்னும் வேகமாகத் தோண்டுகிறது. உப்பும் புளியும் ஒரே சட்டியில் சேர்ந்த கதை. அம்மா இரண்டு பெயரையும் சேர்த்துச் சொன்னது தற்செயலாகக்கூட இருக்கலாம், வேதியியல் அவள் பக்கம் இருக்கிறது.

சரி, பதினொரு நாள் கழித்தும் ஏன் ஈரம்? இதற்குத்தான் நான் நிறைய நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. டிரினிட்டி, சான் ஹசின்டோ ஆறுகள் வந்து சேர்வதால் எங்கள் வளைகுடாவில் அதைவிடக் குறைவு. குறைவு என்று நிம்மதிப்பட முடியாது. தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு போகாது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். கடலுப்போடு கலந்திருக்கிற மக்னீசியம் குளோரைடு இன்னும் பேராசைக்காரன், அதற்கு 33 சதவீதமே போதும். மழைக்காலத்தில் ஊரில் உப்பு ஜாடியில் அரிசி போட்டு வைப்போமே, அதே சமாசாரம். கால்வெஸ்டன் கரையில் விடியற்காலை ஈரப்பதம் 75-க்குக் கீழே போகும் நாட்கள் அபூர்வம். ஆக, உப்பு ஒட்டிய டிரெய்லர் இங்கே காய்வதே இல்லை. காய்ந்த மாதிரி தெரியும், அவ்வளவுதான். ஐந்து நிமிடம் கடலில் இறங்கிய வண்டி, கடலின் ஒரு பிடியை இடுக்குகளில் செருகிக்கொண்டு வந்து, மீதி வாரம் முழுவதும் என் வாசலில் கடலிலேயே நின்றுகொண்டிருந்தது. அதன் மேல் நான் தார்ப்பாய் போட்டு ஈரத்தை வெளியே விடாமல் பார்த்துக்கொண்டேன்.

அந்தப் பலகை தனிக் கதை. அமெரிக்காவில் வீட்டு உபயோக மரத்துக்கு முன்பெல்லாம் குரோமியமும் ஆர்சனிக்கும் செம்பும் கலந்த மருந்தை ஏற்றுவார்கள். ஆர்சனிக் விஷம் என்பதால் 2003 இறுதியோடு அதை வீட்டு உபயோகத்திலிருந்து விலக்கிக்கொண்டார்கள். பதிலுக்கு வந்த மருந்துகளில் செம்பு அதிகம். பலகையில் தெரிகிற அந்தப் பச்சைச் சாயல் அதனால்தான். மனிதனுக்கு நல்லதாகிவிட்டது, அலுமினியத்துக்கு ஆகவில்லை. உப்பு ஈரத்தில் செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து அலுமினியத்தின் மேல் படிய, படிந்த இடமெல்லாம் ஒரு குட்டி பேட்டரி மாதிரி வேலை செய்யத் தொடங்குகிறது. அலுமினியத்தை நேரடியாகத் தொடவிடாதீர்கள் என்று இந்த மரத்தைத் தயாரிக்கிறவர்களே சொல்கிறார்கள். நான் பலகை வாங்கும்போது நீளத்தையும் விலையையும் மட்டும் படித்தேன்.

எவர்சில்வர் போல்ட்டும் அதே பேட்டரிக் கணக்குதான். கடல்நீரில் உலோகங்களுக்குள் ஒரு வரிசை உண்டு. துத்தநாகம் முதலில் கரையும், அடுத்து அலுமினியம், அப்புறம் இரும்பு, செம்பு, கடைசியில் எவர்சில்வர். இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டு உப்புநீரில் நனைந்தால், வரிசையில் முந்தியது பிந்தியதற்காகத் தன்னைக் கொடுத்துவிடும். நான் ஏழ்மையாகத் தெரிகிறது என்று கழற்றி எறிந்த போல்ட்டின் துத்தநாகப் பூச்சு, தான் கரைந்து அலுமினியத்தைக் காத்துக்கொண்டிருந்தது. பதிலுக்கு நான் போட்டது தான் பளபளப்பாக இருந்துகொண்டு, தன்னைச் சுற்றியிருந்த அலுமினியத்தைத் தின்றது. டிரெய்லரிலேயே மிக அழகாக இருந்த பொருள் அந்தப் போல்ட்டுகள்தான். துளைகள் முட்டை வடிவமாகியிருந்தன. துத்தநாகப் பூச்சு தீர்ந்துபோனால் உள்ளே இருக்கிற இரும்பும் அலுமினியத்தின் மேல்தான் பாயும் என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிடவேண்டும். தியாகிக்கும் ஓர் அளவு உண்டு, அதைப் பார்த்து மாற்றவேண்டும்.

இது ஏதோ நேற்றைக்குக் கண்டுபிடித்ததும் இல்லை. மரக்கப்பலின் அடிப்பாகத்தைத் துளைக்கும் புழுவிலிருந்து காக்க, 1761-இல் பிரிட்டிஷ் கடற்படை 'அலார்ம்' என்ற போர்க்கப்பலுக்குச் செப்புத் தகடு அடித்துப் பார்த்தது. 1763-இல் பரிசோதித்தபோது செம்பு நன்றாக இருந்தது. அதைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள் பல இடங்களில் இற்றுப்போயிருந்தன. சில ஆணிகள் மட்டும் புதிதாக இருந்தன. ஏனென்று பார்த்தால், செப்புத் தகடு சுற்றி வந்த பழுப்புக் காகிதம் அந்த இடங்களில் கிழியாமல் ஆணிக்கும் தகட்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருந்ததாம். ஒரு காகிதம்! வேலைக்காரர் உரித்து எறியச் சோம்பல்பட்ட காகிதம் கப்பலின் ஆணியைக் காப்பாற்றியிருக்கிறது. எந்தச் சித்தாந்தமும் இல்லாத காலம். வோல்ட்டா தன் பேட்டரியை உலகுக்கு அறிவித்ததே 1800-இல். இதைப் படித்த இரவு நான் எழுந்து போய் என் டிரெய்லரின் போல்ட்டுகளைப் பார்த்தேன். எதற்கும் நடுவே ஒரு காகிதம்கூட இல்லை.

என் துத்தநாகக் கட்டியை மறந்துவிடவில்லை. அதுவும் பழைய யோசனைதான். 1824-இல் ஹம்ப்ரி டேவி செப்புத் தகட்டோடு துத்தநாகத்தையோ இரும்பையோ இணைத்தால் செம்பு கரையாது என்று காட்டினார். காட்டியது உண்மை. ஆனால் செம்பு கரையாமல் நின்றதும் அதன் விஷமும் நின்றுவிட்டது. கப்பலின் அடியில் சிப்பியும் பாசியும் அப்பிக்கொண்டு வேகம் குறைந்தது. என் கட்டிக்கு நேர்ந்தது அதைவிடச் சாதாரணமானது. துத்தநாகம் வேலை செய்ய அதுவும் காக்கவேண்டிய உலோகமும் ஒரே தண்ணீருக்குள் மூழ்கி இருக்கவேண்டும். வாரம் பத்து நிமிடம் முங்குகிற டிரெய்லரில், எங்கோ ஒரு மூலையில் இருக்கிற கட்டி நாலு அடி தள்ளி ஓர் இடுக்கில் நடப்பதை எப்படிக் காக்கும்? ஐந்து வருடம் கழித்தும் கட்டி வாங்கினபடியே புத்தம் புதிதாக இருந்தது. அது கரையவில்லை என்றதும் நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

இப்போது

மூலைத்தாங்கிகள் எட்டையும் மாற்றினேன். முக்கியச் சட்டங்கள் நல்லவேளையாகப் பிழைத்திருந்தன. இந்த வண்டியின் சட்டம் ஆங்கில ஐ எழுத்து வெட்டு. எல்லாப் பக்கமும் திறந்திருப்பதால் தண்ணீரும் காற்றும் போய்வருகின்றன. பெட்டிக் குழாய்ச் சட்டமாக இருந்திருந்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிந்தேயிருக்காது. வாங்குகிறவர் யாராவது என்னிடம் கேட்டால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதை மட்டும் சொல்வேன்: உள்ளே கை போகாத இடம் இருக்கிற டிரெய்லரை வாங்காதீர்கள். புதுத் தாங்கிகள் துத்தநாகத்தில் முக்கி எடுத்த இரும்பு. பலகைக்கு, செம்பு மருந்து ஏற்றாத சைப்ரஸ் மரம். இந்தக் கரையோரச் சதுப்புகளில் வளர்கிற மரம், ஈரத்துக்குச் சீக்கிரம் மசியாது. கம்பளத்தை மேல்பக்கம் மட்டும் அடித்தேன், அடிப்பக்கம் மரம் மூச்சு விடட்டும் என்று. பலகைக்கும் தாங்கிக்கும் நடுவே வைக்க பிளாஸ்டிக் தகடு தேவைப்பட்டது. கடையில் கேட்ட விலைக்கு மனம் ஒப்பாமல், சமையலறையிலிருந்த வெள்ளை பிளாஸ்டிக் வெட்டுப்பலகையை எட்டாக அறுத்தேன். என் மனைவி இதை இன்னும் மன்னிக்கவில்லை. வெங்காய வாசனையோடுதான் படகு போகிறது என்கிறாள்.

எவர்சில்வர் போல்ட்டுகளை எல்லா இடத்திலும் எடுத்துவிடவில்லை. பிரேக் பக்கத்தில் சில இடங்களில் அதுதான் சரி. அங்கெல்லாம் நைலான் வாஷர், துளைக்குள் பிளாஸ்டிக் குழல், மரையில் டெஃப்-ஜெல் பசை. பழுப்புக் காகிதத்தின் பேரப்பிள்ளைகள். மூட்டுகளில் லானோலின் அடிக்கிறேன். ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கிற மெழுகு அது, மழையில் ஆட்டைக் காப்பது டிரெய்லரையும் காக்கிறது. முதல் இரண்டு நாள் கிடாய் வாடை வீசும். விளக்குகளின் மின்சாரம் திரும்பிப் போக வண்டியின் சட்டத்தையே கம்பியாகப் பயன்படுத்தியிருந்தார்கள். அதை மாற்றித் தனி வயர் இழுத்துவிட்டேன். தண்ணீரில் இறக்கும் முன் விளக்கு இணைப்பைக் கழற்றிவிடுவதும் வழக்கமாகிவிட்டது.

கழுவுவதில்தான் பெரிய மாற்றம். முன்பு வேகமாகப் பீய்ச்சி, கண்ணுக்குத் தெரிகிற இடமெல்லாம் பளிச்சென்று ஆக்கிவிட்டு நகர்ந்துவிடுவேன். பிரஷர் வாஷர் ஒன்றும் வைத்திருந்தேன். சக்கரத்தின் பேரிங் சீலுக்குள் தண்ணீரைத் தள்ளுவதற்கு அதைவிடச் சிறந்த கருவி கிடையாது. இப்போது புல்தரைக்கு வைக்கிற சுழலும் தெளிப்பானை டிரெய்லருக்கு அடியில் வைத்து, லேசாகத் திறந்துவிட்டு, உள்ளே போய்க் குளித்துச் சாப்பிட்டுவிட்டு வருகிறேன். உப்பை அடித்து விரட்ட முடியாது, ஊறவைத்துக் கரைக்கத்தான் முடியும். அரைமணி நேரம் ஓடும் தண்ணீரைப் பார்த்தால் தூத்துக்குடிக்காரனுக்கு வயிறு எரியத்தான் செய்கிறது. தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றவன் நான். அதனால் சில வாரங்களில், கடலுக்குப் போன அடுத்த நாள் வடக்கே ஏதாவது நன்னீர் ஏரிக்குப் படகைக் கொண்டுபோய் இறக்கிவிடுவேன். முழுக்கு மாதிரி முழுக்கு வராது. மீனும் கிடைத்தால் கிடைக்கட்டும். தார்ப்பாய் கராஜில் மடித்துக் கிடக்கிறது.

இதோடு ஒரு பழக்கம் சேர்ந்திருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு போல்ட்டை, எந்தக் காரணமும் இல்லாமல், கழற்றிப் பார்க்கிறேன். நன்றாக இருப்பதை எதற்காகக் கழற்றுகிறாய் என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். நன்றாக இருப்பது போல் இருந்ததால்தான் இத்தனையும் நடந்தது என்று அவருக்கு விளக்கப் பார்த்தேன், அவருக்குப் புரிந்த மாதிரித் தெரியவில்லை. அவருடையது இரும்பு டிரெய்லர். துரு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். வாசலுக்கு வந்து நின்றாலே தெரிகிறது. வருடம் ஒருமுறை தேய்த்துப் பூச்சு அடிக்கிறார், அப்பாவைப் போல. ஒரு வகையில் எனக்கு அவர் மேல் பொறாமை.

போன ஞாயிற்றுக்கிழமை இடப்பக்கம் மூன்றாவது தாங்கியின் முறை. சாவியில் இரண்டு சுற்று. மீதியை விரலாலேயே கழற்றினேன். வாஷருக்கு அடியில் பசை அப்படியே ஈரமாக இருந்தது, உலோகம் மங்கலாக, சுத்தமாக இருந்தது. ஒரு புகைப்படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். ஊரில் அப்போது ராத்திரி பத்து மணி. உடனே போன் செய்தாள்.

"பூக்கவில்லை, இல்லையா?"

"இல்லை அம்மா. புதுசு மாதிரி இருக்கிறது."

"வலப்பக்கம் பார்த்தாயா?"

பார்க்கவில்லை. அவளைப் பேசவிட்டபடியே போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, சாவியையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு மறுபடி வெளியே போனேன்.